தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? குழந்தைகளின் பாதுகாப்புக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கால அட்டவணை, வருகைப் பதிவேடு, பாடத்திட்டம், எந்தப் பீரோவில் சாக்பீஸ் இருக்கிறது என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஏழு வயதுக் குழந்தை இடைவேளையில் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "மிஸ், எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கல" என்று சொன்னால் அடுத்த பத்து நிமிடம் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. அதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஆசிரியரோ, உதவியாளரோ, அலுவலகப் பணியாளரோ, வேனில் கூடப் போகிறவரோ, வாரம் ஒருநாள் வந்து கதை சொல்லும் தன்னார்வலரோ, யாராக இருந்தாலும் சரி, குழந்தைகள் இருக்கும் இடத்தில் உங்களுக்கு வேலை என்றால் இது உங்களுக்கும்தான். வகுப்பாசிரியரிடம் சொல்லாததைப் பிள்ளைகள் பல நேரம் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் ஆயாம்மாவிடம் சொல்லிவிடுவார்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. குழந்தைக்கு உண்மையிலேயே தீங்கு நடந்ததா, யார் செய்தார்கள் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. கவனிப்பது, கேட்பது, எழுதிவைப்பது, அன்றைக்கே உரியவரிடம் சொல்வது, இந்த நான்கும்தான் உங்கள் வேலை. "நிச்சயமாத் தெரியட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று காத்திருப்பதுதான் இந்த விஷயத்தில் இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம்.

முதல் நாளே: யாரிடம் சொல்வது?

பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று முதல் நாளே கேளுங்கள். பெயர், அறை, கைபேசி எண், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார். அப்படி ஒருவர் இல்லை என்றால் தலைமை ஆசிரியர்தான் பொறுப்பு, ஆனாலும் ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. பள்ளியின் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுசாகப் படியுங்கள். புகார் அந்தப் பொறுப்பாளரைப் பற்றியதாகவோ தலைமை ஆசிரியரைப் பற்றியதாகவோ இருந்தால் யாரிடம் போவது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பிரச்சினை வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பள்ளிக்கு வெளியே இருக்கும் உதவி எண்ணும் கைவசம் வேண்டும். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, மலேசியாவில் 15999. வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள எண்ணைத் தேடி இன்றைக்கே கைபேசியில் சேமித்துவையுங்கள். சட்டம் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம், அதற்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. பள்ளி நிர்வாகம் "பேரு கெட்டுடும், உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று சொன்னாலும் உங்கள் பொறுப்பு அதோடு தீராது.

குழந்தையின் இயல்பு என்ன என்று தெரிந்துவையுங்கள்

அடையாளங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் வகுப்புக் குழந்தைகள் சாதாரண நாட்களில் எப்படி இருப்பார்கள் என்று தெரிந்துகொள்வது முக்கியம். யார் எப்போதும் ஓடுவார்கள், யார் எப்போதும் அமைதி, யாருக்குச் சாயங்கால மணி அடித்ததும் முகம் மலரும். இது தெரிந்தால்தான் மாற்றம் கண்ணில் படும். வாயாடியாக இருந்த பிள்ளை இரண்டு வாரமாகப் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, சிறுநீர் விஷயத்தில் பழகிவிட்ட பிள்ளை மறுபடியும் உடையை நனைக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு குறிப்பிட்ட ஆள் வரும்போது மட்டும் பையை எடுக்கவே மாட்டேன் என்கிறது, வயதுக்குப் பொருந்தாத பாலியல் பேச்சோ விளையாட்டோ தெரிகிறது, திங்கட்கிழமைதோறும் பசியும் தூக்கமுமாக வருகிறது. இதில் எந்த ஒன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது. தம்பி பிறந்ததால்கூட அப்படி இருக்கலாம், வீடு மாறியதால் இருக்கலாம். எழுதிவைத்து, உரியவரிடம் சொல்ல அந்த ஒன்றே போதும்.

தீங்கு என்றால் பொதுவாக நான்கு வகையாகச் சொல்வார்கள்: உடல் ரீதியான கொடுமை, மன ரீதியான கொடுமை, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு. முதல் மூன்றையும் எல்லோரும் அடையாளம் கண்டு பதறுவார்கள், நான்காவது கண்ணெதிரே நடந்தும் பழகிப்போய்விடும். துவைக்காத உடை, தீராத பல்வலி, மருந்து போடாத புண், கண்ணாடி வேண்டும் என்று சொல்லிப் பல மாதமாகியும் வாங்கித்தராதது, அடிக்கடி விடுப்பு. வறுமையும் புறக்கணிப்பும் ஒன்றில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் காசில்லாத வீட்டில் உயிராக வளரும் பிள்ளைகள் உண்டு, வசதியான வீட்டில் கேட்பாரற்று வளரும் பிள்ளைகளும் உண்டு. வறுமைதான் காரணம் என்றால் அந்தக் குடும்பத்துக்குத் தேவை உதவி, ஆக எப்படியிருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காயங்களைப் பற்றி ஒரு விஷயம். ஓடி விளையாடும் குழந்தைக்கு முழங்கால், முழங்கை, காலின் முன்பக்கம், நெற்றி என்று எலும்பு துருத்திய இடங்களில் அடிபடுவது சகஜம். காது, கழுத்து, வயிறு, முதுகு, பிட்டம், தொடையின் உட்பக்கம், மேல்கை போன்ற சதைப்பற்றான, மறைவான இடங்களில் கன்றிப்போயிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். விரல் தடம், பெல்ட் தடம், கடித்த தடம் போல வடிவம் தெரிந்தால் இன்னும் கவனம். எப்படி அடிபட்டது என்பதற்குக் குழந்தை ஒன்றும் வீட்டார் வேறொன்றும் சொன்னால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காயத்தைப் பார்க்கிறேன் என்று உடையை விலக்காதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள், அது மருத்துவரின் வேலை.

மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளிடமும், பள்ளி மொழி இன்னும் வசப்படாத குழந்தைகளிடமும் நாம் இரண்டு மடங்கு கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, அவர்களிடம் மாற்றம் தெரிந்தாலும் "அவன் அப்படித்தான்" என்று நாம் கடந்துவிடுவோம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 2012 மார்ச்சில் டேனியல் பெல்கா என்ற நான்கு வயதுச் சிறுவன் தாயாலும் அவருடைய துணைவராலும் பட்டினி போடப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டான். அவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அவன் உணவு எடுத்ததைப் பள்ளியில் பார்த்திருக்கிறார்கள், காயங்களையும் வெவ்வேறு பேர் பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு ஏதோ உடல்நலக் கோளாறு என்று தாய் சொன்னதை நம்பினார்கள். பார்த்ததெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டு ஒரே இடத்தில் சேரவில்லை, போலிஷ் மொழி பேசும் அந்தக் குழந்தையிடம் அவனுடைய மொழியில் யாரும் உட்கார்ந்து பேசவும் இல்லை என்று 2013இல் வெளிவந்த ஆய்வறிக்கை சொன்னது. ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு துண்டு இருந்தது. உங்கள் கையில் இருக்கும் துண்டு சின்னதாகத் தெரிகிறது என்பதற்காக அதை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குழந்தை பேச வரும்போது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். குழந்தைகள் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் சொல்லி நம் முகத்தைப் பார்ப்பார்கள். "என் ஃப்ரெண்டுக்கு இப்படி ஆச்சு" என்று ஆரம்பிப்பார்கள், படம் வரைந்து காட்டுவார்கள், நாம் கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வார்கள். அந்த நொடியில் பேனாவைக் கீழே வையுங்கள். அவர்கள் உயரத்துக்கு உட்காருங்கள். முகத்தில் அதிர்ச்சியும் கோபமும் தெரிந்தால், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று குழந்தை நிறுத்திவிடும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ், ப்ராமிஸ் பண்ணுங்க" என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "நீ பத்திரமா இருக்கணும்னா நான் ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும்பா. யார்கிட்டன்னு உனக்கும் சொல்றேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்போது குழந்தை பேசாமல் போகலாம், போனால் போகட்டும், அந்த முயற்சியையும் எழுதிவையுங்கள். சத்தியம் செய்துவிட்டு மீறினால் அந்தக் குழந்தை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. "மாமா உன்னை அடிச்சாரா?" என்று கேட்காதீர்கள். "அங்கதான் தொட்டாரா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். பெரியவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து அதற்கேற்பத் தலையாட்டுவது சின்னப் பிள்ளைகளின் இயல்பு. 1980களில் கலிபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி மீதான வழக்கில் குழந்தைகளிடம் இப்படிப் பதிலைத் திணித்துத் திணித்துக் கேட்டார்கள், பல ஆண்டுகள் இழுத்த அந்த வழக்கு 1990இல் ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லாமல் முடிந்தது. அங்கே என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதே குழம்பிப்போய்விட்டது. அதனால் நீங்கள் கேட்கக்கூடியது மிகக் கொஞ்சம்: "என்ன ஆச்சுன்னு சொல்லு", "ம்... அப்புறம்?", "இன்னும் ஏதாவது சொல்லணுமா?" அவ்வளவுதான். "ஏன்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள், "ஏன் அப்பவே சொல்லல?" என்பது குழந்தையின் காதில் "தப்பு உன்மேலதான்" என்றுதான் விழும். உதவிக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்பது புரிந்துவிட்டால் கேள்வியை நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

முடிக்கும்போது மூன்றே விஷயம் சொல்லுங்கள்: சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை, இப்போது நான் இன்னாரிடம் சொல்லப்போகிறேன். "இனிமே ஒண்ணும் ஆகாது" என்று சொல்லத் தோன்றும். அது உங்கள் கையில் இல்லாததால் சொல்லாதீர்கள். அடுத்த ஆசிரியரைக் கூப்பிட்டு "இவங்ககிட்டயும் ஒரு தடவை சொல்லு" என்று மறுபடி சொல்லவைக்காதீர்கள், சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக் கேட்கவும் கூடாது. நாளைக்கு வந்து "நான் சும்மா சொன்னேன் மிஸ்" என்று பின்வாங்கினாலும் நீங்கள் எழுதியதை அழிக்காதீர்கள். பயத்தில் பின்வாங்கும் குழந்தைகள் நிறைய. இதையும் ஒரு புதுக் குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதுவது

குழந்தை நகர்ந்ததும் உடனே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், கூட யார் இருந்தார்கள், நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே, குழந்தை சொன்ன பதில் அப்படியே. உடல் உறுப்புக்குக் குழந்தை வீட்டுச் சொல் எதையாவது சொல்லியிருந்தால் அதே சொல்லை எழுதுங்கள், நாகரிகமாக மாற்றாதீர்கள். "குழந்தை மிகவும் பயந்துபோயிருந்தாள், வீட்டில் பிரச்சினை போலிருக்கிறது" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. "காலை 10.40, வகுப்பறை வாசல். மேசைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். 'நேத்து ராத்திரி கதவ பூட்டிட்டாங்க, நான் வெளில இருந்தேன்' என்றாள். இடது காதின் பின்னால் ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்றியிருந்தது" என்று எழுதினால் படிப்பவருக்கு எல்லாம் தெரியும். காயம் என்றால் ஒரு மனித உருவம் வரைந்து இடத்தைக் குறித்துக்காட்டலாம். உங்கள் அபிப்பிராயத்தையும் எழுத வேண்டும் என்று தோன்றினால், இது என் அபிப்பிராயம் என்று தனியாக எழுதுங்கள். பெயரும் கையெழுத்தும் போடுங்கள். கிறுக்கலாக எழுதிய முதல் தாளைக் கிழித்துப் போடாமல் அதையும் சேர்த்தே கொடுங்கள்.

சொல்வது

அன்றைக்கே, பள்ளி விடுவதற்கு முன்னாடியே, பொறுப்பாளரிடம் நேரில் சொல்லிக் குறிப்பைக் கொடுங்கள். குழந்தை வீட்டுக்குப் போனால் ஆபத்து என்ற நிலை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, பொறுப்பாளர் கிடைக்கவில்லை என்றால் நீங்களே காவல்துறையையோ உதவி எண்ணையோ அழைக்கலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை. நல்ல எண்ணத்தில் பெற்றோருக்கு நீங்களாகவே போன் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். பெரும்பாலான விஷயங்களில் பெற்றோரிடம் பேசத்தான் போகிறார்கள், ஆனால் எப்போது, யார் பேசுவது என்பதைப் பொறுப்பாளர் முடிவு செய்யட்டும். தீங்கு செய்பவர் வீட்டிலேயே இருந்தால் உங்கள் ஒரு போன் குழந்தையின் வாயை அடைத்துவிடும்.

ஆசிரியர் அறையில் இதைப் பேசாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடாமல்கூடப் போடாதீர்கள், சின்னப் பள்ளியில் பெயர் இல்லாவிட்டாலும் யாரென்று தெரிந்துவிடும்.

சொன்ன பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தால் போய்க் கேளுங்கள். எல்லா விவரமும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் "நடவடிக்கை எடுத்தாச்சா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை, குழந்தையின் நிலையும் மாறவில்லை என்றால் பள்ளிக்கு வெளியே இருக்கும் உதவி எண்ணையோ காவல்துறையையோ அழையுங்கள்.

சக ஊழியரைப் பற்றிய சந்தேகம்

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர் பெரும்பாலும் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர், குடும்பமும் பள்ளியும் நம்புகிறவர். குழந்தையை வசப்படுத்துவதற்கு முன்னால் சுற்றியுள்ள பெரியவர்களை வசப்படுத்துவார்கள். எல்லாருக்கும் உதவி செய்வார், கூடுதல் நேரம் இருப்பார், ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு, தனிச் சலுகை, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்ற ரகசியம், தனியாக இருக்கக் காரணம் தேடுவது. இப்படி எதையாவது பார்த்து உங்களுக்கு நெருடினால், அவர் நல்லவர் என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் பார்த்ததை மட்டும் பார்த்தபடி தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரைப் பற்றி என்றால் நிர்வாகத்திடமோ நேராக வெளி அதிகாரிகளிடமோ. நீங்கள் குற்றம் சாட்டவில்லை, ஒரு செயலைப் பார்த்தீர்கள், அதைத் தெரிவித்தீர்கள். தப்பு ஒன்றுமில்லை என்றால் சின்ன விளக்கத்தோடு முடியும்.

ஆளை ராஜினாமா செய்யச் சொல்லிச் சத்தமில்லாமல் அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. அவர் அடுத்த பள்ளியில் சேர்ந்து அங்குள்ள குழந்தைகளிடம் போய் நிற்பார். இதற்கு ஒருபோதும் துணை போகாதீர்கள்.

உங்கள் நடத்தை

ஒரு குழந்தையோடு தனியாகப் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்கட்டும், அல்லது வெளியிலிருந்து பார்க்கக் கண்ணாடி இருக்கும் அறையாக இருக்கட்டும். கழிப்பறை உதவி, உடை மாற்றுவது போன்றவற்றில் இன்னொரு பெரியவருக்குத் தெரிந்தே செய்யுங்கள், குழந்தை தானே செய்யக்கூடியதைத் தானே செய்ய விடுங்கள். சொந்தக் கைபேசியில் குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம், குழந்தைகளோடு தனிப்பட்ட செய்திப் பரிமாற்றமும் வேண்டாம். இதற்காகப் பயந்து, விழுந்து அழும் பிள்ளையைத் தொடாமல் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அழும் பிள்ளையை எல்லோர் முன்னாலும் அணைத்துக்கொள்வதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை.

அடிப்பது, காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது, எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்துவது, இவையும் தீங்குதான். வீடு உட்பட எல்லா இடத்திலும் குழந்தைகளை அடிப்பதை 1979இல் முதன்முதலாகச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு சுவீடன். குழந்தைகளை எல்லா வகை வன்முறையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு. அடிக்கும் ஆசிரியரிடம் எந்தக் குழந்தையும் தன்னை வேறொருவர் அடிப்பதைச் சொல்ல வராது.

அன்றாட விஷயங்கள்

பள்ளி விட்டதும் யாரிடம் எந்தக் குழந்தையை ஒப்படைக்கலாம் என்ற பட்டியல் இருக்க வேண்டும், புதிய ஆள் வந்தால் குழந்தை "தெரிஞ்சவர்தான்" என்று சொன்னாலும் வீட்டுக்குக் கேட்டு உறுதி செய்யுங்கள். வெளியாட்களை வாசலிலேயே பதிவு செய்யுங்கள். ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார் யார் என்பது மாற்று ஆசிரியருக்கும் தெரிந்திருக்கட்டும். தலையில் அடிபட்டால் சின்னதாகத் தெரிந்தாலும் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் எங்கே பயம் என்று பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளியின் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு பூசச் சொல்லுங்கள். கழிப்பறை, படிக்கட்டுக்கு அடியில், பின்பக்கச் சுவர், வேனின் கடைசி இருக்கை என்று சிவப்பு கூடும் இடத்தில் மறுநாளிலிருந்து ஒரு பெரியவர் நிற்க வேண்டும். குழந்தைக்குக் குழந்தை செய்யும் கொடுமையும் இதில்தான் வெளியே வரும். அதை "பசங்க அப்படித்தான்" என்று விடாமல், இரண்டு குழந்தைகளுக்கும் உதவி தேவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் "குட் டச், பேட் டச்" என்பது எல்லோருக்கும் பழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு, வலிக்காத, கூச்சமூட்டி விளையாட்டாக ஆரம்பிக்கும் தொடுதலை எதில் சேர்ப்பது என்று குழந்தைக்குத் தெரியாது. நேரடியான விதி எளிது: உள்ளாடை மறைக்கும் இடம் உன்னுடையது, சுத்தம் செய்யவோ வைத்தியத்துக்கோ தவிர யாரும் தொடவும் பார்க்கவும் கூடாது, யாராவது தொட்டு ரகசியமாக வைக்கச் சொன்னால் அந்த ரகசியத்தைச் சொல்லியே ஆகணும். உறுப்புகளின் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள். ஒரே ஒரு நம்பகமான பெரியவர் போதாது, ஒருவர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் போகச் சொல்லுங்கள். தன்னைக் காத்துக்கொள்வது குழந்தையின் பொறுப்பு என்ற தொனி மட்டும் வந்துவிடவே கூடாது.

மறுநாள்

விஷயம் சொன்ன குழந்தை மறுநாள் வகுப்புக்கு வரும். எப்போதும் போல நடத்துங்கள். பரிதாபப் பார்வை, தனிச் சலுகை, "என்னாச்சு, இப்ப பரவால்லயா?" என்ற விசாரிப்பு எதுவும் வேண்டாம். தானாக வந்து பேசினால் கேளுங்கள், மறுபடி எழுதுங்கள். உங்களுக்கும் தூக்கம் வராமல் போகலாம், பொறுப்பாளரிடமே மனம்விட்டுப் பேசுங்கள், இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

அந்தக் குழந்தை பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால் வெறும் விடுப்பு என்று பதிவேட்டில் போட்டுவிட்டு இருக்காதீர்கள், அன்றைக்கே தெரிவியுங்கள். வேறு பள்ளிக்கு மாறுகிறது என்றால், எந்தப் பள்ளி, எப்போது சேர்கிறது என்று உறுதிப்படுத்தி, அதன் பாதுகாப்புக் கோப்பு மாற்றுச் சான்றிதழோடு கலக்காமல் தனி உறையில் அங்குள்ள பொறுப்பாளர் கைக்கே போய்ச் சேர்ந்ததா என்று உங்கள் பொறுப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.